பழைய ஆரக்கை ரம்பமும் பணியாளர் கைவிரல்களும்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கெல்லையில், சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த வடகரப்பதி ஊராட்சி அமைந்துள்ளது. அதற்கு அப்பால் கோயம்புத்தூர் மாவட்டம். கேரளம் என்றவுடன் நினைவுக்கு வரும் ஓயாத மழை இப்பகுதிக்கு உரியதன்று. மலைத்தொடரின் மழைமறைவில் கிடக்கும் வறண்ட நிலம் இது. தென்னையும் பனையும் இதன் செல்வம். வீட்டிலும் சந்தையிலும் தமிழே மிகுதியாக வழங்குகிறது. மோட்டாருக்குச் சுருள் சுற்ற வேண்டுமாயினும், ரம்பத்திற்குப் பல் தீட்ட வேண்டுமாயினும் கோயம்புத்தூரையோ பொள்ளாச்சியையோ நாடுவது இயல்பு.

இத்தகைய எல்லையோர ஊர்களின் தச்சுப் பட்டறைகளுக்குப் புத்தம் புதிய இயந்திரம் வருவது அரிது. நகரத்து ஆலையொன்றிலோ பயிற்சிக்கூடம் ஒன்றிலோ பல ஆண்டுகள் உழைத்து ஓய்ந்த இயந்திரம் விலை குறைந்து, கைமாறி, கவசத்தையும் கையேட்டையும் வழியில் இழந்து வந்து சேரும். அவ்வாறு வரக்கூடிய இயந்திரங்களுள் மிகவும் பயனுள்ளதும், மிகவும் தவறாகப் பயன்படுத்தப்படுவதும் ரேடியல் ஆர்ம் ரம்பம். இதனைத் தமிழில் ஆரக்கை ரம்பம் எனலாம்.

மேஜையின் பின்புறம் நிறுத்திய ஒரு தூண். தூணின் உச்சியிலிருந்து மேஜைக்கு மேலே நீளும் இரும்புக் கை. அக்கையின் அடியில் முன்னும் பின்னும் உருளும் சிறு வண்டி. அவ்வண்டியில் தொங்கும் மோட்டார். மோட்டாரின் அச்சிலேயே பொருத்திய வட்ட ரம்பத் தகடு. அமைப்பு இவ்வளவே. சாதாரண வட்ட ரம்ப மேஜையில் தகடு நின்ற இடத்திலேயே சுழல, மரத்தைத் தள்ளிக்கொடுக்கிறோம். ஆரக்கை ரம்பத்திலோ மரம் தடுப்புக் கட்டையோடு ஒட்டி அசையாமல் கிடக்க, சுழலும் தகடே மரத்தின்மீது இழுத்து வரப்படுகிறது. கையைத் திருப்பினால் சாய்வெட்டு. மோட்டாரைச் சாய்த்தால் கோணவெட்டு. மோட்டாரைப் பக்கவாட்டில் திருப்பிப் பூட்டினால் நெடுக்கு அறுப்பு. 1922-ஆம் ஆண்டில் அமெரிக்க மர ஆலை மேற்பார்வையாளரான ரேமண்ட் டிவால்ட் என்பவர் இதனைக் கண்டறிந்தார்; 1925-இல் காப்புரிமை கிடைத்தது. பின்னர் வீட்டுப் பட்டறைகளுக்கென மலிவான வகைகளும் பெருகின. எடை குறைந்த சாய்வெட்டு ரம்பங்கள் பரவிய பிறகு இதன் மவுசு குறைந்தது. ஆயினும் வார்ப்பிரும்பினால் ஆன பழைய இயந்திரங்கள் எளிதில் அழிவதில்லை. அவை இன்னும் ஓடுகின்றன, ஓட்டப்படுகின்றன.

இத்தகைய ரம்பம் ஒன்று பட்டறையிலோ பள்ளியின் தொழிற்கூடத்திலோ நிற்கக் காணும் களப்பணியாளரும் ஆசிரியரும் யாது செய்தல் வேண்டும்? "பழசு, ஆபத்து, தூக்கி எறி" என்பார் ஒரு சாரார். "அனுபவம் உள்ளவன் கையில் எதுவும் ஆபத்தில்லை" என்பார் மற்றொரு சாரார். இரண்டுமே பிழையான முடிவுகள். சீராக நிறுத்தி, கவசம் பூட்டி, குறுக்கு வெட்டுக்கு மட்டும் பயன்படுத்தினால் ஆரக்கை ரம்பம் நல்ல கருவியே. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அதனை ஓட்டலாகாது. ஓட்டுபவர் எவ்வளவு தேர்ந்தவர் என்பது இதில் கணக்கில் வராது.

பட்டறைகளில் பாதுகாப்பு ஏற்பாடு என்ற பெயரில் பெரும்பாலும் உள்ளது ஒரு வாக்கியம்: "பார்த்து வேலை செய், தம்பி." மேஸ்திரி அன்புடன் சொல்லும் சொல்தான், குறை கூறுவதற்கில்லை. ஆனால் விபத்து நேர்ந்த பிறகு அதே வாக்கியம் தீர்ப்பாக மாறிவிடுகிறது. "பார்த்துச் செய்யவில்லை; விரல் போயிற்று" என்று வழக்கு முடிகிறது. தகடு தடத்திலிருந்து விலகியிருந்ததா, கவசம் எங்கே, தடுப்புக் கட்டை தேய்ந்திருந்ததா என்று எவரும் பார்ப்பதில்லை. குற்றம் கைக்கு, இயந்திரம் மறுநாள் அதே நிலையில் ஓடுகிறது. நாளொன்றுக்குப் பலநூறு முறை இழுத்துத் தள்ளும் வேலையில், ஒரு கணமும் கவனம் சிதறாத மனிதன் ஒருவனும் இல்லை. கவனம் சிதறும் அக்கணத்திற்காகவே கவசம் இருக்கிறது.

சட்டம் இதனை நெடுநாள் முன்பே உணர்ந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இயந்திரங்களுக்குத் தடுப்பு அமைக்கும் கடமையைத் தொழிற்சாலையின்மீது சுமத்தியது. அச்சட்டத்தின் வழி எழுந்த மர இயந்திர விதிகள் வட்ட ரம்பத்திற்கு மேற்கவசம், பிளவுக் கத்தி, தள்ளுகோல் ஆகியவற்றை வேண்டின. ஆனால் மின்விசை பயன்படும் இடத்தில் 10 பேரேனும் வேலை செய்தாலே அச்சட்டத்தின் பொது வரையறைக்குள் வந்தது. 2020-ஆம் ஆண்டின் பணிப்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அவ்வெல்லையை 20 பேராக உயர்த்தியது. ஊர்ப்புறத்துத் தச்சுப் பட்டறையிலோ இருப்பவர் மூவர் அல்லது நால்வர்; அவர்களுள் ஒருவர் உரிமையாளரே. அங்கே ஆய்வாளர் வருவார் என்று எதிர்பார்ப்பது வீண். கடன் உதவிக்காகவோ தொழிற்பயிற்சிக்காகவோ அப்பட்டறையின் படியேறும் களப்பணியாளர்தாம் அங்கே பாதுகாப்பைப் பற்றிப் பேசக்கூடிய முதல் அந்நியர். பல சமயம் கடைசி அந்நியரும் அவரே.

இழப்பின் அளவையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, பெருவிரல் இழப்பை உழைப்பாற்றலில் 30 விழுக்காடு எனவும், ஆள்காட்டி விரல் முழுவதையும் இழப்பதை 14 விழுக்காடு எனவும், ஒரு கையின் நான்கு விரல்களை 50 விழுக்காடு எனவும் மதிப்பிட்டது. உளியையும் இழைப்புளியையும் பிடிக்கும் தச்சனுக்குப் பெருவிரல் வெறும் 30 விழுக்காடு தானா என்பது ஒருபுறம் இருக்கட்டும். தம் சொந்தப் பட்டறையில் தாமே விரலை இழப்பவருக்கு அந்த 30 விழுக்காட்டைத் தருவார்தாம் எவர்?

இனி இயந்திரத்தின் இயல்புக்கு வருவோம். குறுக்கு வெட்டின்போது தகட்டின் அடிப்புறப் பற்கள் இயக்குபவரிடமிருந்து விலகி, தடுப்புக் கட்டையை நோக்கி ஓடுகின்றன. இதனால் மரம் மேஜையோடும் தடுப்புக் கட்டையோடும் அழுத்தப்படுகிறது, இது நன்மை. ஆனால் அதே விசையின் எதிர்விளைவு தகட்டையும் வண்டியையும் இயக்குபவரை நோக்கி இழுக்கிறது. பற்கள் மரத்தைக் கவ்வி, அதன்மேல் ஏறி ஓடிவர முயல்கின்றன. கைப்பிடியை இழுப்பவர், உண்மையில், ஓடிவரும் ரம்பத்தைத் தடுத்துப் பிடிப்பவராக இருத்தல் வேண்டும். முழங்கையை விறைப்பாக வைத்து மெல்ல வரவிடுவதே முறை. சாதாரண ரம்பத்திற்குப் பழகிய கை இதனை முதல் நாளிலேயே உணராது. ஆகவே மிகவும் முன்சாய்ந்த பற்களையுடைய நெடுக்கு அறுப்புத் தகட்டை இதில் மாட்டுதல் கூடாது. பல்லின் முன்சாய்வு ஐந்து பாகைக்கு மேற்படாமல், இயன்றால் சற்றுப் பின்சாய்ந்ததாக உள்ள தகடே ஏற்றது. பழைய இயந்திரம் முரண்டு பிடிக்கிறது என்ற முறையீட்டிற்குப் பல சமயம் தவறான தகடே காரணமாக இருக்கும்.

வண்டி தானாகவே பின்னோக்கிச் சென்று தூணருகே நிற்பதும் இன்றியமையாதது. இதற்காகக் கையின் முன்முனை பின்முனையைவிடச் சற்று உயர்ந்திருக்குமாறு இயந்திரத்தை நிறுத்தவேண்டும். அமெரிக்க அரசின் பணிப்பாதுகாப்பு விதிகளும் இதனையே கூறுகின்றன. சோதிப்பது எளிது. மின் இணைப்பைப் பிடுங்கியபின் வண்டியை முன்னே இழுத்துக் கையை விட்டுவிட வேண்டும். அது மெல்ல உருண்டு பின்னே சென்று நின்றால் நன்று. நடுவழியில் நின்றால் தடத்தில் பிசினும் தூளும் அப்பியிருக்கின்றன, அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. முன்னோக்கி வந்தால் அந்த இயந்திரத்தை அன்றே நிறுத்தவேண்டும். தடத்திற்கு எண்ணெய் தாராளமாக இடும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அது மருந்தன்று, நோய். எண்ணெயில் தூள் ஒட்டிச் சில நாட்களில் தடம் முன்னிலும் கரடாகிவிடும். உலர்ந்த துணியால் அழுந்தத் துடைத்துத் தூய்மையாக வைத்தாலே போதும்.

பழுதைக் கண்டறியப் புதுக் கருவிகள் வேண்டியதில்லை. வெட்டிய மரமே நோயைச் சொல்லிவிடும். அகலமான பலகை ஒன்றைக் குறுக்கே வெட்டி, இரு துண்டுகளில் ஒன்றைக் குப்புறத் திருப்பி, வெட்டுமுகங்களை மீண்டும் சேர்த்து நேரான சட்டத்தில் அணைத்துப் பார்க்கவேண்டும். இடையே ஒரு பக்கம் விரிந்து இடைவெளி தெரிந்தால், தெரிவது உண்மையான பிழையின் இருமடங்கு. கை தடுப்புக் கட்டைக்குச் செங்கோணமாக இல்லை என்பது பொருள். அதனைத் திருத்தியும் மறுநாள் மீண்டும் பிழை தோன்றினால் தூணின் பிடிப்பில் தேய்மானம் உண்டு. கையின் நுனியைப் பற்றிப் பக்கவாட்டில் அசைத்தாலே அது தெரியும். அசையும் கையை எத்தனை முறை மூலைமட்டம் வைத்துச் சரிசெய்தாலும் பயனில்லை. முதலில் அசைவை நீக்கவேண்டும், பிறகே மூலைமட்டம்.

வெட்டுமுகத்தில் வில்போல் வளைந்த கீறல்கள் ஆழமாகப் பதிந்திருந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் சிராய் எழும்பினாலோ, மரம் கருகினாலோ, தகடு தான் செல்லும் பாதைக்கு இணையாக நிற்கவில்லை என்று கொள்ளலாம். தகட்டின் முன்பற்கள் ஒரு கோட்டிலும் பின்பற்கள் வேறொரு கோட்டிலும் செல்கின்றன. பின்பற்கள் வெட்டிய வாயின் சுவரை உராய்கின்றன. இதனை அறிய ஒரே பல்லில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, மேஜையில் இறுக்கிய மூலைமட்டத்தின் ஓரத்தை அப்பல் முன்புறத்திலும் பின்புறத்திலும் ஒரே அளவில் தொடுகிறதா என்று பார்க்கவேண்டும். வெவ்வேறு பற்களைக் கொண்டு அளப்பவர் தகட்டின் கோணலை இயந்திரத்தின் கோணல் என மயங்குவர். கீழே மேஜையும் பார்க்கப்பட வேண்டும். மேற்பலகை மரமாதலால் மழைக்காலத்தில் பருக்கும். பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட காற்றில் சுருங்கும். சென்ற ஆண்டு மட்டமாக இருந்த மேஜை இவ்வாண்டும் அப்படியே இருக்கும் என நம்புதல் கூடாது.

மின்சாரப் பகுதியில் எழும் பழுதுகள் ஊர்ப்புறத்தில் தனித்தன்மை உடையவை. அமெரிக்காவில் செய்த பழைய மோட்டார் நொடிக்கு 60 சுற்று மாறும் மின்சாரத்திற்கு உரியது. நமது மின்சாரம் 50 சுற்று. ஆகவே நிமிடத்திற்கு 3,450 முறை சுழலவேண்டிய மோட்டார் இங்கே ஏறத்தாழ 2,875 முறையே சுழலும். வேகம் குறைவதால் தீங்கில்லை. ஆனால் அலைவெண் குறைந்து மின்னழுத்தம் குறையாமையால் இரும்பில் காந்தப்பாய்வு மிகுந்து மோட்டார் சூடேறும். இடைவிடாது ஓட்டாமல் அவ்வப்போது ஓய்வு தருவதே இதற்கு வழி. 120 வோல்ட்டுக்கு இணைத்த மோட்டாரை நமது 230 வோல்ட்டில் நேரே மாட்டினால் சுருள் எரிந்துவிடும். பெயர்ப்பட்டையைப் படிக்காமல் இணைப்புத் தருதல் கூடாது. மறுபுறம், மின்கம்பியின் கடைக்கோடியில் உள்ள பட்டறையில் மாலைநேரத்தில் மின்னழுத்தம் தாழும். மோட்டாரின் திருப்புவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைவதாகும். 230 வோல்ட் 180 ஆகத் தாழ்ந்தால் திருப்புவிசையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். வெட்டின் நடுவே தகடு திணறி நிற்கிறது. இயக்குபவர் வலிந்து இழுக்கிறார். விபத்துக்கு வேறு முகூர்த்தம் வேண்டியதில்லை. அந்நேரத்தில் வேலையை நிறுத்துவதே திறமை.

மோட்டார் முனகிவிட்டுச் சுழலாமல் நின்றால் கண்டன்சர் கெட்டிருக்கலாம், அல்லது தொடக்கச் சுவிட்சின் முனைகளில் மரத்தூள் அடைத்திருக்கலாம். தகட்டைக் கையால் சுண்டிவிட்டு ஓடவைக்கும் தந்திரத்தைச் சிலர் பெருமையாகக் காட்டுவதுண்டு. இதைவிட மடமை வேறில்லை. இணைப்பைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் மின்னேற்றம் தங்கியிருக்கும் ஆதலால் அதனைத் திறந்து பார்க்கும் பணியை மின்பணியாளரிடமே விடவேண்டும்.

இன்னொன்று பெரும்பாலும் எவர் கண்ணிலும் படாதது. சுருள் சுற்றி வந்த மோட்டாரின் சுழற்சித் திசை மாறியிருக்கக்கூடும். மூன்று முனை மோட்டாரில் இரு கம்பிகள் இடம் மாறினாலே போதும். திசை மாறினால் அடிப்பற்கள் இயக்குபவரை நோக்கி ஓடி, மரத்தைத் தூக்கி அவர்மீதே எறியும். பல இயந்திரங்களில் தகட்டை இறுக்கும் நட்டு இடப்புரி உடையது. திசை மாறிய ஓட்டத்தில் அதுவும் தளரலாம். ஆகவே மோட்டார் பழுதுபார்த்து வந்தவுடன், தகட்டை மாட்டுவதற்கு முன்பு, வெறும் அச்சை ஓட்டித் திசையைப் பார்க்கவேண்டும். கவசத்தின் மேல் சுழற்சித் திசையைச் சிவப்புச் சாயத்தால் அம்புக்குறியாக எழுதுவது ஐந்து நிமிட வேலை, செலவும் இல்லை.

மின்தடையையும் மறத்தலாகாது. மின்சாரம் நின்றவுடன் தகட்டில் சிக்கிய துண்டை எடுக்கக் கை நீள்வது இயற்கை. சுவிட்சை அணைக்க மறப்பதும் இயற்கை. அக்கணம் மின்சாரம் திரும்பினால் என்னாகும்? மின்சாரம் நின்றதும் தானே விடுபட்டு, மீண்டும் பொத்தானை அழுத்தினாலன்றி ஓடாத ஸ்டார்ட்டர் கட்டாயமாக வேண்டும். நில இணைப்பும், கசிவு மின்னோட்டத்தைக் கண்டவுடன் துண்டிக்கும் சுவிட்சும் அதனோடு சேரவேண்டியவை. ஒரு பழைய ரம்பத்திற்குப் புதிதாக ஏதேனும் வாங்க இயலுமாயின் முதலில் வாங்கவேண்டியது இந்த ஸ்டார்ட்டரே, பளபளப்பான தகடன்று.

இப்பகுதியின் மரமும் தன் பங்குக்குச் சோதனை செய்கிறது. தென்னையும் பனையும் தேக்கைப் போன்றவை அல்ல. அவற்றில் வைரம் வெளியே; சோறு உள்ளே. தென்னந்தண்டின் புறப்பகுதி இரும்புபோல் இறுகியும் நடுப்பகுதி நெட்டிபோல் மென்மையாகவும் இருப்பதால், வெட்டும் ரம்பம் கடினத்தில் திணறி, மென்மையில் சட்டென்று பாயும். ஏறி ஓடும் இயல்புடைய ஆரக்கை ரம்பத்தில் இந்தப் பாய்ச்சல் மிகவும் கவனிக்கத்தக்கது. தென்னை மரத்தில் உள்ள சிலிக்கா சாதாரண உருக்குப் பற்களை விரைவில் மழுக்கிவிடும். மழுங்கிய பல்லுக்கு விசை அதிகம் வேண்டும். விசை அதிகமானால் பிடி தவறும். கார்பைடு முனை பதித்த தகடு விலை கூடினாலும் இங்கே அது ஆடம்பரமன்று. பனையின் கருநார்கள் சிராயாகத் தெறிக்கும். கண்ணாடி அணியாமல் பனங்கையை வெட்டக்கூடாது. பழைய வீட்டின் கைமரங்களை மறுபடி பயன்படுத்துவோர் ஆணிகளைத் தேடி எடுத்த பிறகே ரம்பத்திடம் கொண்டுவரவேண்டும். ஒரு காந்தக்கட்டி இதற்குப் போதும்.

வளைந்த மரத்தை வெட்டும்போது புடைத்த பக்கம் தடுப்புக் கட்டையைத் தொடவேண்டும். வெட்டும் இடத்தில் இடைவெளி இருத்தலாகாது. மாறாக வைத்தால் வெட்டு முடியும் தறுவாயில் இரு துண்டுகளும் உள்வாங்கித் தகட்டை இறுக்கும். தகட்டின் பாதையிலிருந்து கை 15 சென்டிமீட்டராவது விலகியிருக்கவேண்டும். அவ்வாறு பிடிக்க இயலாத சிறுதுண்டைக் கையால் பிடிக்காமல் பற்றுக்கருவியால் இறுக்கவேண்டும். தளர்ந்த சட்டைக்கை, தோளில் தொங்கும் துண்டு, கைக்காப்பு ஆகியவற்றுக்கு ரம்பத்தருகே இடமில்லை. நுண்ணிய மரத்தூளும் தீங்கற்றதன்று. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் வகைப்படுத்தியது.

இனி, கருத்து வேறுபாடு மிகுந்த பகுதி. ஆரக்கை ரம்பத்தில் நெடுக்கு அறுப்பும் செய்யலாம் என்று அதனைச் செய்தவர்களே விளம்பரம் செய்தனர். செய்யலாம் என்பது உண்மை. செய்யவேண்டுமா என்பதே கேள்வி. மோட்டாரைத் திருப்பித் தகட்டைத் தடுப்புக் கட்டைக்கு இணையாக நிறுத்தினால், மரத்தைத் தகட்டின் சுழற்சிக்கு எதிராகத் தள்ளவேண்டும். இப்போது பற்கள் மரத்தைக் கீழே அழுத்துவதில்லை, மேலே தூக்குகின்றன. மரம் துள்ளினாலும் தகடு இறுகினாலும் பலகை இயக்குபவரை நோக்கிப் பாயும். இதனைத் தடுக்கக் கவசத்தின் பின்னால் பல்லுள்ள தடைவிரல்கள் தொங்கவேண்டும். பழைய இயந்திரங்களில் முதலில் காணாமற்போவன அவையே. இதினும் கொடியது, மரத்தைத் தவறான முனையிலிருந்து செலுத்துவது. அப்போது தகடே மரத்தைப் பறித்துக்கொள்ளும். 10 அங்குலத் தகடு 2,875 சுற்றில் சுழலும்போது பல்லின் நுனி மணிக்கு ஏறத்தாழ 137 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மரத்தைப் பிடித்த கை, விடுவதற்குள் மரத்தோடு தகட்டை அடைந்துவிடும். கவசத்தின் பின்புறம் "இம்முனையிலிருந்து அறுக்காதே" என்னும் எச்சரிக்கைப் பட்டையை நிலையாகப் பதிக்கவேண்டும் என்று அமெரிக்க விதி வற்புறுத்துவது இதனாற்றான்.

தேர்ந்த தச்சர்கள் இதற்கு மறுமொழி கூறுவர். நெடுக்கு அறுப்புக்குத் தனி இயந்திரம் வாங்கப் பணம் வேண்டும். இருக்கும் இயந்திரத்தைப் பாதி வேலைக்கு மட்டும் பயன்படுத்துவது ஏழைப் பட்டறைக்குக் கட்டுபடியாகாது என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் தடைவிரலும் கவசமும் இழந்த இயந்திரத்தில் மிச்சப்படும் பணம் உண்மையில் மிச்சமா என்று கணக்கிட வேண்டும். நெடுக்கு அறுப்புக்கு அண்டை ஊரின் ரம்ப ஆலையில் கூலி கொடுத்து அறுத்துக்கொள்வது இன்றும் நடைமுறையில் உள்ள வழியே. கவசம் வெட்டுக்கோட்டை மறைக்கிறது என்ற மற்றொரு வாதத்திற்கு விடை எளிது: தடுப்புக் கட்டையில் தகடு ஏற்படுத்திய வெட்டுவாயே கோடு. மரத்தின் குறியை அவ்வாயோடு பொருத்தினால் தகட்டைப் பார்க்கவேண்டிய தேவையே இல்லை. பள்ளிகளிலும் பயிற்சி வகுப்புகளிலும் இதில் விவாதத்திற்கு இடமில்லை. அங்கே ஆரக்கை ரம்பம் குறுக்கு வெட்டுக்கு மட்டுமே. மோட்டார் திரும்பாதபடி பூட்டி வைத்துச் சாவியை ஆசிரியர் வைத்துக்கொள்ளலாம்.

கவசத்தின் இன்றியமையாமையைப் பெரிய அளவில் உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2000-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும் எமர்சன் நிறுவனமும், 1958 முதல் 1992 வரை கிராப்ட்ஸ்மேன் என்ற பெயரில் விற்ற ஏறத்தாழ 37 லட்சம் ஆரக்கை ரம்பங்களைத் திருத்தத்திற்கு அழைத்தன. தகடு முழுவதையும் மூடும் கவசம் அவற்றில் இல்லை என்பதே காரணம். பொருந்தும் வகைகளுக்குப் புதிய கவசம் இலவசமாகக் கிடைத்தது. கவசம் பொருந்தாத வகைகளுக்கு மோட்டார் வண்டியைக் கழற்றி அனுப்பியவர்களுக்கு 100 டாலர் தரப்பட்டது. நாற்பதாண்டு பழைய இயந்திரத்திற்கும் செய்தவர் பொறுப்பேற்க நேர்ந்தது. "நீங்கள் கவனமாக இருந்திருக்கவேண்டும்" என்று வாங்கியவரிடம் சொல்லி அவர்கள் முடித்துக்கொள்ளவில்லை.

எல்லைப்புறத்திற்கு மொழியும் ஒரு பாதுகாப்புப் பிரச்சினையே. இயந்திரத்தின் மேலுள்ள எச்சரிக்கை ஆங்கிலம். அலுவலக அறிவிப்பு மலையாளம். வேலை செய்பவர் படிப்பது தமிழ். கேரளத்தின் மரத்தொழிலில் அசாம், வங்காளம், ஒடிசா மாநிலங்களிலிருந்து வந்தோரும் கலந்திருக்கின்றனர். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளருள் பெரும்பான்மையோர் அறிந்த மொழியிலும் இருக்கவேண்டும் என 108-ஆம் பிரிவில் விதித்தது. சட்டம் எட்டாத பட்டறையில் அதனை ஒரு பள்ளிச் சிறுவனும் செய்துவிடலாம். ஒரு தகரத் துண்டும் சிறிது சாயமும் போதும். "குறுக்கு வெட்டு மட்டும், தகடு நின்ற பின்னரே கை" என்ற இரண்டு வரியைப் பணியாளர் படிக்கும் மொழியில் தூணில் எழுதி மாட்டலாம். படிக்க அறியாதவருக்குக் கையின் படமும் அதன்மேல் ஒரு சிவப்புக் கோடும் வரையலாம். எந்த மொழிப் பள்ளியாயினும் தொழிற்கல்வி ஆசிரியர் இதனை ஒரு வகுப்பு வேலையாகவே வைத்துக்கொள்ளலாம்.

கவசம் கிடைக்காத, கை ஆடும் இயந்திரத்தை யாது செய்வது என்று கேட்கப்படும். அதனை விற்பதனால் ஆபத்து ஒழியாது. அடுத்த ஊருக்குச் செல்லும், அவ்வளவே. பள்ளியாயின் மோட்டாரைத் தனியே கழற்றி மேஜைமேல் வைத்து, கண்டன்சரும் தொடக்கச் சுவிட்சும் சுருளும் தெரியும்படி உறையைத் திறந்து, மாணவருக்கு மோட்டார் இயங்கும் முறையைக் காட்டலாம். அதற்கு முன்பு மின்கம்பியை அடியோடு வெட்டி நீக்கி, கண்டன்சரின் மின்னேற்றத்தை மின்பணியாளரைக் கொண்டு போக்கி, ரம்பத் தகட்டையும் நட்டையும் வேறோர் அலமாரியில் பூட்டிவைத்தல் வேண்டும்.